மூன்று அறைக்கு மூன்று வைத்தியம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் நெல் வயல். மாமனார் 1978-ல் கட்டியது. ஆசாரம் (முன்கூடம்), இரண்டு அறை, சமையலறை எல்லாமே சிவப்பு ஆக்சைடு தரை. தென்புற அறையில் சுவரோரம் தரை இறங்கி, விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. வடபுற அறையில் நிறம் போய்த் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. சமையலறையில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. துடைத்தால் மறுபடி வருகிறது. ஆசாரத்தில் இரண்டு மூன்று மயிரிழை விரிசல், அவ்வளவுதான். தையில் பெண்ணுக்குக் கல்யாணம். மேஸ்திரி, "மொத்தத்தையும் உடைச்சாத்தானுங்க சரிவரும்" என்கிறார். டைல்ஸ் கடைக்காரர், "எதுக்குங்க உடைக்கறீங்க, மேலயே ஒட்டிக்கலாம்" என்கிறார். பாலிடெக்னிக் படிக்கும் மகன் வீடியோ பார்த்துவிட்டு, "ஆளே வேண்டாம், நானும் அப்பாவும் போட்டுவிடுகிறோம்" என்கிறான். மாமியார், ஆசாரத்தைத் தொடக்கூடாது என்கிறார். நாலுக்கு ரெண்டு டைல்ஸ் பார்த்து வைத்திருக்கிறோம், இன்னும் வாங்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது? பெயிண்ட் முதலில் அடிப்பதா, தரை முதலில் போடுவதா?
— ஓர் ஆசிரியை, கோபி வட்டம்

பதில்: வணக்கம் அம்மா. டைல்ஸை இன்னும் வாங்காதது நல்லது. கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் வீட்டில் நாலு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒவ்வொருவர் சொல்வதும் ஒவ்வோர் இடத்துக்குத்தான் சரி. தென்புற அறைக்கு மேஸ்திரி சொல்வது. வடபுற அறைக்குக் கடைக்காரரும் உங்கள் மகனும் சொல்வது. ஆசாரத்துக்கு மாமியார் சொல்வது. சமையலறையைக் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் தொட வேண்டாம் என்பது நான் சொல்வது. நீங்கள் எல்லோரும் மேலே என்ன போடலாம் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், மேலே போடுவது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

அதற்கு முதலில் ஒரு சாக்பீஸும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸுக்குப் பஞ்சமிருக்காது. வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, அரை அடிக்கு ஒரு தட்டாகத் தரையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்திருக்கிற தரை 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். அடியில் விட்டுப்போன இடம் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். கேட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டுவிடுங்கள். முடித்ததும் எழுந்து நின்று பார்த்தால் அறையின் வரைபடமே கிடைத்துவிடும். என் கணக்கு இது: ஓர் அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொள்ளலாக இருந்தால் உடைப்பதே மிச்சம். அங்கங்கே கையளவு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது தென்புற அறை. அந்தச் சுவருக்கு வெளிப்புறம் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுந்து போய்ப் பாருங்கள். வீட்டுப் பின்புறப் பொடக்காலித் தண்ணீர் அங்கே தேங்குகிறதா, கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுகிறதா, பாத்ரூம் குழாய் மண்ணுக்குள் கசிகிறதா, எலி வளை இருக்கிறதா? சுவரோரம் மட்டும் தரை இறங்குகிறது என்றால், அஸ்திவாரக் குழிக்குள் அந்தக் காலத்தில் கொட்டிய மண் சரியாக இறுகாமல், பிறகு தண்ணீர் புகுந்து அமுங்கியிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அந்தத் தண்ணீரை நிறுத்தாமல் எந்த டைல்ஸ் போட்டாலும் அதுவும் இறங்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. விரிசல் தரையோடு நிற்கிறதா, சுவரிலும் ஏறுகிறதா? சுவரில் சாய்வாக, படிக்கட்டுப் போல மேலே போனால் விஷயம் தரையில் இல்லை, அஸ்திவாரத்தில் இருக்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள். சந்தேகமாக இருந்தால், சுவர் விரிசலின் குறுக்கே ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பசை போட்டு இறுக்கமாக ஒட்டி, அதிலேயே தேதி எழுதி வையுங்கள். சில வாரத்தில் காகிதம் கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

சுவர் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்த அறையை ஆள் வைத்து உடையுங்கள். உங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெம்பு இல்லை என்று சொல்லவில்லை. 12-க்கு 10 அறையில் மூன்று அங்குலத் தரையை உடைத்தால் 30 கன அடி வரும். உடைந்து குவிந்த பிறகு அது 45 கன அடியாக, அதாவது கிட்டத்தட்ட அரை யூனிட்டாக (ஒரு யூனிட் 100 கன அடி) நிற்கும். அதைக் கூடையில் சுமந்து வெளியே கொட்டுவது ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. கொட்டுகிற இடத்தையும் முன்பே பேசிவிடுங்கள். இரவோடு இரவாக வாய்க்கால் கரையில் கொண்டுபோய்ச் சாய்க்கும் டிராக்டர்காரர்கள் நம் பக்கத்திலும் உண்டு, அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

உடைத்த பிறகு இறங்கிய இடத்தில் கிராவல் மண்ணை மொத்தமாகக் கொட்டி மூடிவிடக் கூடாது. ஆறங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த ஆறங்குலம். மேஸ்திரி அவசரப்படுகிற இடம் இதுதான். நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டிய இடமும் இதுதான். அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. பிறகு நாலங்குலத்துக்கு 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு), ஒன்றரை அங்குல ஜல்லியில். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். அப்புறம் காயவிடுங்கள். கான்கிரீட் போட்டு நாலு வாரம் ஆகாமல் அதன்மேல் டைல்ஸ் பசை வேண்டாம். ஆகவே தையில் கல்யாணம் என்றால் இந்த அறையைப் புரட்டாசியிலேயே உடைத்தாக வேண்டும்.

சமையலறை உப்புக்கு வருவோம். ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள்: உப்புப் பூப்பது வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு அதிகமாகிறதா? நெல் வயலுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் பாசனக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவரும். மண்ணில் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு தரைக்குள் ஊறும். மேலே வந்து நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்தக் காலத்து வீடுகளில் தரைக்கடியில் ஷீட் போடும் வழக்கம் இல்லை. சோதிப்பது சுலபம். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. வாய்க்கால் ஓடும்போது ஒரு தடவை, அடைத்திருக்கும்போது ஒரு தடவை செய்யுங்கள். இரண்டிலும் ஈரம் இருந்தால் வாய்க்காலை மட்டும் குறை சொல்ல முடியாது, சிங்க் குழாயையும் பார்க்க வேண்டும்.

ஈரம் ஏறும் தரையில் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் நின்றுவிடாது, இணைப்புகள் வழியாகவும் சுவரோரமாகவும் வெளியே வரும். வினைல், லேமினேட் வகைகள் பற்றியோ நினைக்கவே வேண்டாம். அடியில் பூஞ்சை பிடித்து வீச்சமடிக்கும். இந்த அறையையும் உடைத்து, ஷீட் போட்டு, கான்கிரீட் போடுவதுதான் நிரந்தர வழி. ஆனால் கல்யாண வீட்டில் சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஐப்பசி மழையில் காய்வதற்குக் காத்திருப்பது யாருக்கும் நல்லதில்லை. கல்யாணம் முடிந்து, வாய்க்கால் அடைத்த பிறகு தொடங்குங்கள். அதுவரை உலர்ந்த துடைப்பத்தால் உப்பைக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுத் துடைத்தால் அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உடைத்த கழிவில் உப்பு ஏறியிருக்கும், அதை வேறு எந்த அறைக்கும் நிரப்பப் பயன்படுத்தாதீர்கள்.

இனி வடபுற அறை. உங்கள் மகனுக்கு இது நல்ல வேலை. தட்டிப் பார்த்ததில் கெட்டியாக இருந்து, பாலிதீன் சோதனையிலும் ஈரம் இல்லையென்றால், உடைக்காமல் மேலேயே ஒட்டலாம். கடைக்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஆக்சைடு தரை என்பது கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியது. போதாக்குறைக்கு நாற்பது வருஷத்துத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் அதில் ஊறியிருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டால் சரி. மெழுகு போகிற வரைக்கும் மேல்தோலைக் கிரைண்டரில் தேய்க்க வேண்டும், அல்லது கொத்திவிட வேண்டும். பிறகு தூசி துளியும் இல்லாமல் கூட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

சிமெண்ட் பாலை ஊற்றி ஒட்டுவது பழைய டைல்ஸுக்கு ஒத்துவந்தது. குஜராத் மோர்பியிலிருந்து நம் கடைகளுக்கு வரும் விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீத நீரைக்கூட உறிஞ்சாது. உறிஞ்சாத பொருளை வெறும் சிமெண்ட் எப்படிப் பிடிக்கும்? பாலிமர் சேர்த்த டைல்ஸ் பசைதான் வேண்டும். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற தர எண்ணும், அதன்கீழ் எந்த வகை என்பதும் போட்டிருக்கும். விட்ரிஃபைடு டைல்ஸைப் பழைய தரைமேல் ஒட்டுவதற்கானது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

அந்த நாலுக்கு ரெண்டை மறந்துவிடுங்கள். ஒன்று ஏறக்குறைய 15 கிலோ இருக்கும், இரண்டு பேர் பிடித்தால்தான் இறக்க முடியும். தரையில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் ஒரு மூலை தூக்கி நிற்கும். முதல் தடவைக்கு ரெண்டுக்கு ரெண்டு போதும், அதுவும் மேட் ஃபினிஷ். மினுமினுப்பு டைல்ஸில் ஈரக் காலோடு மாமியார் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் நாலு, அதாவது சுமார் 15½ சதுர அடி. 120 சதுர அடி அறைக்கு வெட்டுச் சேதாரத்தோடு ஒன்பது பெட்டி. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பசை 20 கிலோ மூட்டை மூன்று நாலு ஆகும்.

ஒட்டுவதற்கு முன் மட்டம். இதில்தான் வீடியோக்கள் ஓட்டிவிடுகின்றன. முப்பதடித் தெளிந்த டியூப்பில் தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, கதவோரத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். டியூப்பின் ஒரு முனையை அங்கே பிடித்து, மறுமுனையை அறையின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய், தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சில் குறி. நாலு மூலையையும் நூலடித்துச் சேர்த்துவிட்டால் சுவரைச் சுற்றி ஒரே மட்டக்கோடு வந்துவிடும். நூலை எதிரெதிர்ச் சுவருக்கு இழுத்துக் கட்டி, இரண்டடிக்கு ஓர் இடமாக அதிலிருந்து தரைக்கு டேப்பில் அளந்து, அந்த அளவை அந்த இடத்திலேயே சாக்பீஸால் எழுதுங்கள். எண் குறைந்த இடம் மேடு, கூடிய இடம் பள்ளம். வித்தியாசம் மூன்று நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒட்டத் தொடங்கலாம். அதற்கு மேல் இருந்தால் பசையைத் தடிப்பாக அப்பிச் சரிக்கட்டக் கூடாது. முதலில் பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கிக் காயவிட வேண்டும்.

கதவையும் இப்போதே பாருங்கள். பசையும் டைல்ஸும் சேர்ந்து முக்கால் அங்குலம் வரை தரை உயரும். பழைய வீட்டு நிலவுக் கதவு (நிலைக்கதவு) நல்ல மரம்; அதைத் தச்சரை வைத்துக் கழற்றி அடியில் இழைக்கச் சொல்லுங்கள். நிலவில் தொங்கும்போதே கட்டிங் மெஷினை வைத்து அறுக்க யாரையும் விடாதீர்கள். வாசலில் உயர வித்தியாசம் தெரியாமல் சரிவாக ஒரு கருங்கல் பட்டை வைத்துவிட்டால் வயதானவர்கள் கால் தட்டாது.

ஒட்டும் முறை மூட்டையிலேயே இருக்கிறது, ஆகவே விட்டுப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன். கலந்த பசையைப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதும் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. பல் கரண்டியால் ஒரே திசையில் வரி வரியாக இழுங்கள். டைல்ஸின் முதுகிலும் மெலிதாகத் தடவுங்கள். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை வைத்து அமுக்குகிறவர்களை நிறையப் பார்க்கலாம். உருண்டைக்கு இடையில் வெற்றிடம்தான் இருக்கும், கட்டில் கால் பட்டதும் உடையும். ஒரு தடவைக்கு இரண்டு டைல்ஸ் அளவுக்கு மட்டும் பசை பரப்புங்கள். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும்; ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மூன்றாவது டைல்ஸை ஒட்டியதும் அதை ஒரு தடவை பெயர்த்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை பிடித்திருந்தால் பையன் கை சரி. வெறும் இடம் தெரிந்தால் கரண்டியைச் சாய்க்கும் கோணத்தை மாற்ற வேண்டும்.

இடையில் 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) போடுங்கள். "இடைவெளியே தெரியாம ஒட்டித் தர்றேனுங்க" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். சுவரோரம் நாலு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் விடுங்கள், சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டை அதை மறைத்துவிடும். சித்திரை வெயிலில் டைல்ஸ் விரிய இடம் இல்லாவிட்டால், நட்ட நடு அறையில் இரண்டு டைல்ஸ் கூரை போலக் கிளம்பி நிற்கும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் இடைவெளிகளை அடைக்கும் கிரவுட்.

வெட்டுவதற்குக் கை கட்டர் வாடகைக்கு எடுங்கள். கோடு கிழித்து அமுக்கினால் நேராகப் பிளக்கும், தூசி இல்லை, சத்தமில்லை. நிலவுக் காலைச் சுற்றி எல் வடிவில் வெட்டுவதற்கு மட்டும் மெஷின் போதும், அதையும் தண்ணீர் விட்டு, வாசலுக்கு வெளியே. டைல்ஸையும் சிமெண்டையும் உலர வெட்டும்போது பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. வாயில் துண்டு கட்டினால் அந்தத் தூசி நிற்காது, என்95 முகக்கவசம் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். தரையைத் தேய்க்கும்போதும் அப்படியே. மெஷின் பிளேடை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை எதுவும் பக்கத்தில் போகக்கூடாது. 1978 வீட்டு வயரிங் என்றால் எர்த் இருக்கிறதா என்பதையும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தண்ணீரும் மெஷினும் சேருகிற வேலை இது. இதில் மட்டும் மகன் பேச்சைக் கேட்காதீர்கள்.

மாடி அறையில் இதைச் செய்ய நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: 120 சதுர அடியில் பழைய தரைமேல் ஒன்றரை அங்குலச் சாந்து போட்டு டைல்ஸ் பதித்தால் ஒரு டன்னுக்கு மேல் எடை கூடும். பசையில் ஒட்டினால் 300 கிலோ சொச்சம். பழைய மாடிக் கட்டடத்தில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

கடைசியாக ஆசாரம். மயிரிழை விரிசல் தரைக்கு நோய் இல்லை. தட்டிப் பார்த்துக் கெட்டியாக இருந்தால், உங்கள் மாமியார் சொல்படி விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் அந்தக் குளுமையை எந்த டைல்ஸும் தராது. சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம், சிமெண்டை அரித்துவிடும். விரிசலில் சிமெண்டும் ஆக்சைடு பொடியும் குழைத்து அடைக்கலாம். ஆனால் புது நிறம் பழைய நிறத்தோடு சேராது, ஒட்டு தெரியும். கட்டிலுக்கு அடியில் ஓரிடத்தில் செய்து, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிடிக்காவிட்டால் விரிசலை அப்படியே விட்டுவிடலாம். பாலிஷ் மெஷின்காரர் வந்தால் ஒரே நாளில் நிறம் தெளிந்துவிடும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரச் சொல்லுங்கள், முதல் நாள் வேண்டாம். புது மெழுகில் பட்டுச்சேலையோடு யாராவது வழுக்குவார்கள்.

பெயிண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டி பார்த்து பிரைமரும் முதல் கோட்டும் தரைக்கு முன்னால் அடித்துவிடுங்கள், கடைசிக் கோட்டைத் தரையும் ஸ்கர்டிங்கும் முடிந்த பிறகு. மிஞ்சுகிற டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் ஒரு பெட்டியாவது அட்டாலியில் போட்டு வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே ஷேட் கிடைக்காது. பாலிதீன் சோதனை முடிவும், தென்புறச் சுவரின் வெளிப்புறப் படமும் அனுப்பினால் கான்கிரீட் அளவைக் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.